உலக வர்த்தகச் சீர்திருத்தம் வளரும் நாடுகளை எப்படிப் பாதிக்கிறது?

வர்த்தகச் சீர்திருத்தம் என்றால் நாடுகள் இறக்குமதி வரி, அளவுக் கட்டுப்பாடு, மானியம் போன்றவற்றைக் குறைத்து, சரக்கு எளிதாக எல்லை தாண்ட வழிவிடுவது. யார் எதைக் குறைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கரீபியன் கடலில் உள்ள ஏழை நாடான ஹைட்டியைப் பாருங்கள். 1995இல், கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியால், அரிசி மீதான இறக்குமதி வரியை வெறும் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்புறம் அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, அங்கே அதற்கு 'மியாமி அரிசி' என்றே பெயர், ஹைட்டியில் நெல் விளையும் ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் நெல் போட்டவர்களால் அந்த விலைக்கு விற்றுக் கட்டுப்படியாகவில்லை. காரணம், அமெரிக்க விவசாயிக்கு அரசு மானியம் கிடைத்தது, இவர்களுக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு வாடகையை வேறு யாரோ கட்டும்போது அவர் விலைக்கே நீங்களும் விற்க வேண்டும் என்றால் எத்தனை நாள் தாங்குவீர்கள்? நகரத்து ஏழைக்குச் சோறு மலிவானது உண்மைதான். ஆனால் 2008இல் உலக விலை எகிறியதும் அதே மக்கள் பசியோடு தெருவில் இறங்கினார்கள், பிரதமர் பதவியே போனது. அந்தக் கொள்கை தவறு என்று வரி குறைந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே 2010இல் ஒப்புக்கொண்டார்.

இதை வைத்துத் திறந்த சந்தையே ஏழை நாடுகளுக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல: 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிக ஏழை நாடுகளின் சரக்குக்கு, ஆயுதங்கள் தவிர, வரியை நீக்க முன்வந்தது வங்கதேச ஆடைத் தொழில் வளரப் பெரிதும் கைகொடுத்தது.