காளையார்கோவில் காடும் படமாத்தூர் பட்டமும்

மதிப்பிற்குரிய ஐயா,

மக்கள் ஆதரவு உள்ளவரை எந்தக் கிளர்ச்சியையும் அரசால் அடக்க முடியாது என்கிறார்கள். சிவகங்கைச் சீமை மருதுபாண்டியர் பின்னால் நின்றது உண்மையானால், 1801-இல் அவர்கள் தோற்றது காட்டிக்கொடுத்தவர்களால்தானே?

க., மேலூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

காட்டிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நம் பக்கத்து மேடைகளில் எல்லாத் தோல்விக்கும் இந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிடுவதால், கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, என்ன செய்தது என்பது கவனத்துக்கே வருவதில்லை. 1801 ஆகஸ்டில் கர்னல் அக்னியூவின் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஏறத்தாழ ஒரு மாதம் போராடியும் முடியாமல் பின்வாங்கியது. அதன் பிறகுதான், செப்டம்பரில், படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்துச் சோழபுரத்தில் பட்டம் கட்டினார்கள். மருதுகள் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர் என்ற குறை சீமையில் முன்பே இருந்தது. கும்பினி அதைப் பயன்படுத்திக்கொண்டது. மருதுகளுக்கு விசுவாசமாக இருந்தவர்களும் அரண்மனை வாரிசுக்கு விசுவாசமாக இருந்தவர்களும் அதுவரை ஒரே அணியாகத் தெரிந்தார்கள். பட்டம் கட்டியதும் இரண்டாகப் பிரிந்தார்கள். அக்டோபர் 1-இல் காளையார்கோவில் வீழ்ந்தது. 24-இல் திருப்பத்தூரில் மருதுகள் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஆதரவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் பற்று, உறவுமுறை, அச்சம், இரவில் வாசலில் வந்து நிற்பவனுக்குச் சோறு போடாமல் இருக்க முடியாத நிலை எல்லாம் கலந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காத அரசு ஊரையே எதிரியாக்கிக்கொள்கிறது. மலாயாவில் 1950 முதல் பிரிட்டிஷார், பெரும்பாலும் சீனரான சுமார் 5 லட்சம் பேரைக் காட்டோரங்களிலிருந்து பெயர்த்து, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள்; காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு அரிசி போகாமல் தடுப்பதே முதல் நோக்கம். 1952-இல் தஞ்சோங் மாலிம் ஊர் முழுவதற்கும் ஊரடங்கு விதித்து அரிசி அளவையும் குறைத்தது வெறும் கூட்டுத்தண்டனைதான் என்பது என் கருத்து. வேலி மட்டும் அங்கே போரை முடித்துவிடவில்லை. சீனர்களுக்குக் குடியுரிமையின் கதவு அகலத் திறந்ததும், 1957-இல் நாடு விடுதலை பெற்றதும், கிளர்ச்சியாளர்கள் சொல்லிவந்த காரணங்களின் வலுவைக் குறைத்துவிட்டன.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1966 மார்ச்சில், மிசோ கிளர்ச்சியை அடக்க, இன்றைய மிசோரம் தலைநகரான ஐஸ்வால் மீது விமானப்படை குண்டு வீசியது; மறு ஆண்டு முதல் மிசோ மலைக் கிராமங்கள் காலிசெய்யப்பட்டு, மக்கள் சாலையோரக் குடியிருப்புகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். அதன் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிளர்ச்சி ஓயவில்லை. 1986 ஜூனில் உடன்பாடு கையெழுத்தானபோதுதான் அது முடிவுக்கு வந்தது; கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய லால்தெங்கா அதே ஆண்டு முதலமைச்சராகப் பதவியேற்றார்.