ஃபியூஸ் போகவில்லை, பேட்டரியும் புதிது: பிறகு ஏன் வண்டி மொத்தமாக அணைகிறது?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளுக்கு வயது முப்பதுக்கு மேல். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின், விளக்கு, ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடுகின்றன. சிறிது நேரம் நிறுத்திவைத்தால் தானாகவே சரியாகிவிடுகிறது. ஃபியூஸ் எரியவில்லை. பேட்டரி புதிது, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: ஒயரிங்கை மாற்றும் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை என்றால் அதற்குப் போகும் ஒயரில் தேட வேண்டும். எல்லாம் சேர்ந்து போகிறதென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்தான் கோளாறு. அந்தப் பாதை மிகக் குறுகியது: பேட்டரி, மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், திரும்பி வரும் எர்த். மற்ற ஒயர்களில் எது அறுந்தாலும் மொத்த வண்டியும் அணையாது.

தானாகச் சரியாவது அடுத்த தடயம். எங்கோ ஓர் இணைப்பு அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்சாரம் பாயும்போது அந்த இடம் சூடாகி, அதிர்விலும் சேர்ந்து விலகுகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. வண்டி ஓட்டத்திலேயே நிற்பதால் என் முதல் சந்தேகம் ஃபியூஸ் ஹோல்டர் மீதும் இக்னிஷன் சுவிட்ச் மீதும்தான். பேட்டரி இணைப்பு மட்டும் விட்டுப்போனால், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் பாகம்) தரும் மின்சாரத்தில் பல வண்டிகள் தட்டுத்தடுமாறியாவது கொஞ்ச தூரம் ஓடும்.

அப்படியானால் மீட்டர் ஏன் 12.6 வோல்ட் காட்டியது? அது பொய் சொல்லவில்லை. நாம்தான் தவறான நேரத்தில் கேட்கிறோம். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அதற்குப் போதும். ஆனால் 35 வாட் ஹெட்லைட்டுக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் வேண்டும். வழியில் களிம்பு ஏறிய ஓர் இணைப்பு வெறும் 1 ஓம் தடை கொடுத்தாலே 3 வோல்ட் வரை அங்கேயே தொலைந்துவிடும். ஆகவே சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு அளக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். அவற்றில் பிரேக்கை அழுத்திப் பிடித்து பிரேக் லைட்டை எரியவிடுங்கள். விளக்கே எரியாத நேரத்தில் வண்டி கையில் சிக்கினால் இன்னும் நல்லது. கோளாறு இருக்கும்போது அளப்பதுதான் அளவு.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் ஈய முனைகளிலேயே மீட்டர் ஒயர்களின் இரு முள்களையும் வையுங்கள். போல்ட்டின் மேல் அல்ல. விளக்கு எரியும்போது 12க்கு அருகே இறங்குவது இயல்பு. 12.6 ஆக இருந்தது சட்டென்று 3, 4 என்று சரிந்து, விளக்கை அணைத்ததும் மறுபடி ஏறினால் பேட்டரிக்குள்ளேயே செல்களை இணைக்கும் பட்டை விட்டிருக்கிறது. புதிய பேட்டரியிலும் இது நடக்கும்.

பேட்டரி நன்றாக இருந்தால், ஒரு முள்ளை ஈய முனையிலும் மற்றதை அதில் மாட்டியிருக்கும் ஒயரின் வளையத்திலும் வையுங்கள். ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு தொந்தரவு தொடங்கியிருந்தால் இங்கே கூடுதல் கவனம் தேவை. முனைக்குள் உட்காரும் சதுர நட்டு சற்றுக் கீழே இறங்கியிருக்கும், அல்லது போல்ட் நீளமாக இருந்து அடியில் முட்டியிருக்கும். ஸ்பேனருக்கு இறுக்கமாகத் தெரியும். வளையத்தை விரலால் திருப்பினால் சுற்றும்.

அடுத்தது ஃபியூஸ். 'எரியவில்லை' என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் உள்ளே கம்பி முழுதாகத் தெரியும். ஓரத்து உலோக மூடிக்குள் பற்று விட்டிருக்கும். அதைவிட அதிகம் கெடுவது அதைப் பிடிக்கும் கிளிப். பிடிப்புத் தளர்ந்து சூடேறிய கிளிப்பின் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரம் உருகி நெளிந்திருக்கும். கறுப்பு முள்ளை பேட்டரி நெகடிவ் முனையில் வைத்து, ஃபியூஸுக்கு உள்ளே வரும் ஒயரிலும் வெளியே போகும் ஒயரிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். செலவு அற்பம். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் அடுத்த முறை எரிவது ஒயரிங்காக இருக்கும்.

இக்னிஷன் சுவிட்ச்தான் பழைய வண்டிகளில் நிரந்தரக் குற்றவாளி. வண்டியின் மொத்த மின்சாரமும் அதன் சிறிய செம்புத் தகடுகள் வழியாகப் போகிறது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, உள்ளிருக்கும் கிரீஸ் காய்ந்து கட்டியாகி, சுவிட்சின் அடியில் ஒயர் பற்றவைத்த இடம் வெடித்திருக்கும். சாவியைப் போட்ட நிலையிலேயே மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஹாண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டினால் இடம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி நிமிரும் ஒயர்க் கட்டு, ஸ்டியரிங் கழுத்தருகில் மேலுறை முழுதாக இருக்கவே உள்ளே அறுந்திருக்கலாம். சந்தேகப்படும் இடத்தில் ஒயரை விரலால் மடக்கினால், அறுந்த இடம் மட்டும் தொளதொளவென்று வளையும். சுவிட்சின் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) பின்புறமாக முள்ளை நுழைத்து, வரும் ஒயருக்கும் போகும் ஒயருக்கும் இடையே அளங்கள். இங்கேயும் 0.2 வோல்ட்தான் எல்லை. ஒயர் நிறங்கள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உங்கள் மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யலாம். சுவிட்சே தேய்ந்திருந்தால் எந்த ஸ்பிரேயும் பல நாள் தாங்காது.

எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே, பிறகு சேஸிஸுக்கும் இடையே, விளக்கு எரியும்போது அளங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள பெயின்ட்டையும் துருவையும் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கி மங்கி எரியும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவை முதலில் எடுத்து, கடைசியாக மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். எழும்பும் வோல்ட்டேஜில் பல்புகளும், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போய்விடும்.

கோளாறு பிடிபடும்வரை இரவிலும் வேகமான சாலையிலும் வண்டியை எடுக்காதீர்கள். சரிசெய்த பிறகு ஒரு வேலை பாக்கி. பேட்டரி இணைப்பு விட்டு விட்டு வந்திருந்தால் ரெகுலேட்டரும் அடிபட்டிருக்கலாம். இன்ஜினை 4,000 ஆர்பிஎம் அளவில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளங்கள்: 13.5 முதல் 14.5 வோல்ட்வரை இருந்தால் நல்லது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதிய பேட்டரி கொதித்தே தீர்ந்துவிடும்.