மட்டக்குதிரையைக் கையில் பிடித்துக் காட்டுவது: கேள்வி பதில்

நடு வேல்ஸில் கோப் என்னும் கட்டுடலான குதிரைகளை வளர்க்கும் பண்ணையொன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கோடை வந்துவிட்டால் சனி ஞாயிறெல்லாம் ஏதாவதொரு ஷோ திடலில்தான் பொழுது போகும். பிரிட்டனில் பிள்ளைகளைக் குதிரைப் பக்கம் விட்டுவிட்டு முழிக்கிற நம்மாட்கள் சிலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். நான் வெல்ஷ் இனங்களிலேயே ஊறியவள். பதிலில் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, மகளுக்கு 12 வயது. ஒரு வெல்ஷ் செக்‌ஷன் ஏ குதிரையை லோனில், அதாவது உரிமையாளரிடமிருந்து இரவலாக, வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர் ஷோவில் "இன் ஹேண்ட்" பிரிவில் சேரச் சொல்கிறார்கள். ஏறி ஓட்டவே வேண்டாமா? (லெஸ்டர்)

வேண்டாம். சேணம் கிடையாது, சவாரி கிடையாது. கயிற்றைப் பிடித்து நடத்தி, ஓடவைத்து, நிறுத்திக் காட்டவேண்டும், அவ்வளவுதான். நடுவர் பார்ப்பது உடலமைப்பு, கால், நடை, குணம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இனத்தின் சாயல். சின்ன ஷோக்களில் பிரிட்டனின் நாட்டு இனங்களை "மவுன்டன் அண்ட் மூர்லேண்ட்" என்று ஒரே பெயரில் சேர்த்து, சிறிய இனம், பெரிய இனம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். வெல்ஷ் இனத்தைப் பதிவேட்டில் ஏ, பி, சி, டி என்று நான்கு செக்‌ஷனாகப் பிரித்திருக்கிறார்கள். ஷெட்லண்ட், டார்ட்மூர், எக்ஸ்மூர், வெல்ஷ் ஏ, பி எல்லாம் சிறியவை. ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட், கானமாரா, நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ் சி, டி பெரியவை. உங்கள் மகளின் குதிரை ஷெட்லண்டின் பக்கத்தில் நின்றாலும் ஷெட்லண்டோடு ஒப்பிடப்படாது. ஒவ்வொன்றையும் அதனதன் இன இலக்கணத்தை வைத்துத்தான் எடை போடவேண்டும்.

மகளுக்கு ஹெல்மெட் போட்டுவிடுங்கள். பல ஷோக்களில் சிறுவர்களுக்கு அது கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

12.2 ஹேண்ட் என்றால் பன்னிரண்டேகால் சொச்சமா? (ஸ்லாவ்)

இல்லை, இது தசமம் அல்ல. ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 12.2 என்றால் 12 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 50 அங்குலம், 127 செ.மீ. 12.3-க்கு அடுத்தது 13. பிடரி முடியும் இடத்தில் இருக்கிற தோள் மேட்டிலிருந்து தரைவரை அளப்பார்கள். தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது.

என் மாமியார் பிடரியில் பின்னல் போட்டு ரிப்பன் கட்டலாம் என்கிறார். (ஹாரோ)

மாமியாரின் ஆசை புரிகிறது, ஆனால் நாட்டு இனங்களுக்குப் பிடரி முழுக்கப் பின்னுவது கிடையாது. அலைபாய விட்டுத்தான் காட்டவேண்டும். வெல்ஷ் குதிரைக்குக் காதுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரே ஒரு பின்னல் போடும் பழக்கம் உண்டு, அதோடு சரி. தாடைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியையும் கொஞ்சம் சீர் செய்வார்கள். ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட், எக்ஸ்மூர் என்றால் கத்தரிக்கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ரிப்பன் எங்கேயும் வேண்டாம். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டினால் "இது உதைக்கும்" என்று அர்த்தம், எல்லோரும் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

கோப் என்பது ஓர் இனமா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (கார்டிஃப்)

ஆளுக்கொன்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெல்ஷ் கோப் ஓர் இனம். 1901-இல் தொடங்கிய வெல்ஷ் போனி அண்ட் கோப் சங்கத்தின் பதிவேட்டில் அது செக்‌ஷன் டி. 13.2 ஹேண்டுக்கு மேல் இருக்கவேண்டும், மேல்வரம்பு கிடையாது. 13.2-க்குள் அடங்கும் கோப் சாயல் குதிரை செக்‌ஷன் சி. "ஷோ கோப்" என்பது இனமல்ல, உடல்வாகு. குட்டைக் கால், பீப்பாய் உடம்பு, மொட்டையடித்த பிடரி, சவாரிப் போட்டிக்கானது. மூன்றாவது, ஜிப்ஸி மக்கள் வண்டிக்காக வளர்த்த கோப். முழங்காலுக்குக் கீழே கொத்துக் கொத்தாக முடி தொங்கும், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் திட்டு. திட்டு நிறம் வெல்ஷ் பதிவேட்டுக்கு ஆகாது, ஜிப்ஸி கோபுக்கு அதுவே அழகு. விண்ணப்பத்தில் எந்தக் கோப் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஓடவைக்கும்போது என் குதிரை என்னை இழுக்கிறது, இல்லையென்றால் நான் அதை இழுக்கிறேன். என்ன செய்ய? (ஸ்வான்சீ)

இதற்குத்தான் காத்திருந்தேன். இன் ஹேண்ட் போட்டியில் பாதி உயிர் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

முதலில் நிற்கும் இடம். குதிரையின் இடப்பக்கம், அதன் தோளுக்கு நேராக. தலைக்கு முன்னால் போய் இழுத்தால் எந்தக் குதிரையும் பின்வாங்கத்தான் செய்யும். திடலில் எல்லோரும் கடிகார முள் சுற்றும் திசையில் நடப்பார்கள். நடுவர் நடுவில் நிற்பார், நீங்கள் வெளிப்பக்கம் இருப்பீர்கள், அதனால் நடுவே எதுவும் மறைக்காமல் குதிரை அவர் கண்ணில் படும். பிறகு வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். நேராக நடந்து போய், திரும்பி, நடுவரை நோக்கி ட்ராட்டில், அதாவது சீரான மெதுவோட்டத்தில், ஓடி வந்து, அவரைத் தாண்டி ஓடவேண்டும். பின்னாலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று கோணமும் அவருக்குக் கிடைத்துவிடும்.

திரும்பும்போது குதிரையை உங்களிடமிருந்து தள்ளி, வலப்பக்கமாகத் திருப்புங்கள். உங்கள் பக்கம் இழுத்துத் திருப்பினால் அதன் சமநிலை குலையும், உங்கள் கால்விரலும் போகும். என் இடது பெருவிரல் நகம் இரண்டு முறை கழன்றிருக்கிறது. இரண்டுமே முதல் வருடம்.

கயிற்றைத் தளர விடுங்கள். தலையைப் பிடித்து இறுக்கினால் கழுத்து கோணும், முன்னங்கால் வீச்சு குறையும். குதிரை நொண்டுகிறதோ என்றுகூட நடுவருக்குச் சந்தேகம் வரும். வீட்டில் ஒரு வேலி ஓரமாக, இன்னொருவர் பின்னால் நடந்துவர, தினம் ஐந்து நிமிடம் பழக்குங்கள். "ட்ராட்" என்ற சொல்லுக்கே அது கிளம்பவேண்டும். அப்புறம் நீங்களும் ஓடிப் பழகவேண்டும். வெல்ஷ் கோபின் ட்ராட்டில் முழங்கால் மடங்கி உயரும், தோளிலிருந்து கால் எட்டிப் போகும், பின்னங்கால் உந்தித் தள்ளும். அதோடு ஈடுகொடுக்க ஆளுக்கு மூச்சு வேண்டும்.

நிறுத்தும்போது நான்கு காலும் தெரியவேண்டும். நடுவர் பக்கத்து முன்னங்கால் கொஞ்சம் முன்னே, அதே பக்கத்துப் பின்னங்கால் கொஞ்சம் பின்னே. ஒரு கால் இன்னொன்றை மறைத்தால் ஏதோ குறையை ஒளிக்கிறீர்கள் என்றுதான் தோன்றும்.

நன்றாகத் தீனி போட்டு மினுமினுவென்று கொழுக்க வைத்தால் பரிசு கிடைக்குமாமே? (லூட்டன்)

சில இடங்களில் கிடைத்துவிடுகிறது, அதுதான் என் கோபம். இவை மலையிலும் புதர்க்காட்டிலும் காய்ந்த புல்லைத் தின்று பிழைத்த இனங்கள். கொஞ்சத் தீனியிலேயே உடம்பு வைக்கும். கொழுத்தால் லாமினைட்டிஸ் வரும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் திசு அழன்று, குதிரை அடியெடுத்து வைக்க முடியாமல் துடிக்கும். முற்றினால் கருணைக்கொலைதான். உள்ளங்கையால் மெதுவாகத் தடவினால் விலா எலும்பு தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. பிடரிமேடு கல் மாதிரி கெட்டிப்பட்டிருந்தால் ஷோவை மறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மினுமினுப்பு கொழுப்பால் வருவதல்ல. தினமும் தேய்த்துவிடும் கையால் வருவது.

எங்கள் ஜிப்ஸி கோப் இரவெல்லாம் காலைத் தரையில் உதைக்கிறது. ஷோவுக்கு இன்னும் மூன்று வாரம். (பர்மிங்ஹாம்)

கால்முடிக்குள் பூச்சி இருக்கக்கூடும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை. அடர்முடிக் கால்களில் சகஜம். மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்து மருந்து தருவார். முடியை மழிக்கவேண்டி வந்தால் மழித்துவிடுங்கள். ஷோ அடுத்த வருடமும் வரும்.

பெரிய ஷோ ஒன்றை வேடிக்கை பார்க்கவேண்டும். எது? (குராய்டன்)

ஜூலையில் பில்த் வெல்ஸ் பக்கத்தில் லான்எல்வெத் திடலில் நடக்கும் ராயல் வெல்ஷ் ஷோ. வேறு யோசனையே வேண்டாம். செக்‌ஷன் டி பொலிகுதிரைகள் உள்ளே வரும்போது பார்வையாளர் மேடை முழுக்க எழுந்து கத்தும். நம்மூர் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கிற நேரத்துச் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்த வெல்ஷ் கோபுக்குக் கொடுக்கும் ஜார்ஜ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பை 1908-லிருந்து இருக்கிறது. தொப்பி, தண்ணீர், மழைக்கோட்டு மூன்றும் கொண்டு போங்கள். மூன்றும் ஒரே நாளில் தேவைப்படும்.

நான் ஈரோட்டுக்காரன். அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கினால் முதலில் சுழி பார்ப்பார்கள். இந்த ஊர் ஷோக்களில் நடுவர்கள் சுழி பார்ப்பதுண்டா? (மில்டன் கீன்ஸ்)

நடுவர் பார்ப்பதில்லை, ஆனால் மருத்துவர் விடாமல் பார்ப்பார்! இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் வேண்டும், ஷோவுக்கும் அது கூடவே வரவேண்டும். அதிலுள்ள குதிரைப் படத்தில் வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையால் வரைவார்கள், சுழி இருக்கும் இடமெல்லாம் கறுப்பு மையால் பெருக்கல் குறி போடுவார்கள். நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை, கைரேகை மாதிரி வெறும் அடையாளம். எங்கள் பண்ணையில் ஒரு பெட்டைக்கு நெற்றியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சுழி. சந்தையில் விலைகூடக் கேட்கமாட்டார்கள் என்று அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். இங்கே வந்த மருத்துவர் இரண்டு பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.