சோபாவில் படுத்துத்தான் பேச வேண்டுமா?

கேள்வி: உளப்பகுப்பாய்வு (மனதில் தோன்றுவதைப் பேசிப் பேசி ஆராயும் சைக்கோஅனாலிசிஸ் சிகிச்சை) என்றால் வாரம் ஐந்து நாள் சோபாவில் படுத்துப் பேசுவதாமே? வேலைக்குப் போகிறவளுக்கு ஒத்துவருமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அந்தக் கணக்கு, பகுப்பாய்வாளராகப் பயிற்சி பெறுபவர் தாமே எடுத்துக்கொள்ள வேண்டிய சிகிச்சைக்கே இப்போது தளர்ந்துவிட்டது. வாரம் நான்கைந்து அமர்வு என்றிருந்த விதியை, சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் 2017இல் மூன்று முதல் ஐந்து என்றாக்கியது. சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர் வாரம் ஒருமுறையோ இருமுறையோ வந்து, எதிரெதிரே உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். இது உளப்பகுப்பாய்வே அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் துறைக்குள் உண்டு. சுளிக்கட்டும்.

அமர்வு 45 அல்லது 50 நிமிடம். பத்து நிமிடம் பிந்திப் போனாலும் முடியும் நேரம் மாறாது. வராத நாளுக்கும் கட்டணம் உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். சிகிச்சையாளருக்குத் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் மன்றம் (HPCSA) தந்த பதிவெண்ணையும் கேட்கலாம், தப்பில்லை. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) வரம்பு ஆண்டு நடுவில் தீர்ந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். திடீரென நிறுத்துவதுதான் கெடுதல்.

வீட்டிலிருந்து ஆன்லைனில் பேசுவதானால் கதவு சாத்திய அறையும் இயர்போனும் வேண்டும். பக்கத்து அறையில் மாமியார் இருந்தால் முக்கியமானது வாயில் வராது. அதற்கு நிறுத்தி வைத்த காரே மேல். கரண்ட் போய் இணைப்பு அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த மௌனத்துக்கும் அர்த்தம் தேடுவார்கள்!

ஆங்கிலத்தில் பேசும்போது 'மனசு பாரமா இருக்கு' என்று தமிழில் வந்தால் அப்படியே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு பிறகு.