ஏழாம் மாதமும் பக்கத்து வீட்டுக் காமாலையும்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு மஞ்சள் காமாலை, தெருவுக்கே ஒரே குடிநீர்க் குழாய். ஏழு மாதக் கர்ப்பிணியான நீங்கள் முகக்கவசம், சானிடைசர், அசைவம், கீழாநெல்லி என்று ஒன்பது கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கூகுளில் எதையோ படித்த பிறகு தூக்கம் போனது மட்டும் கடைசி வரியில் இருக்கிறது.

முகக்கவசம் வேண்டாம். பையன் வாசலில் நின்று பேசினால் ஒன்றும் ஒட்டாது. நன்றாக வெந்த மீன், கோழி சாப்பிடலாம்.

சிறுவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஏ வகைக் காமாலை (ஹெபடைடிஸ் ஏ). நீங்கள் பயப்படுவது ஈ வகைக்கு (ஹெபடைடிஸ் ஈ); அந்தப் பயம் நியாயமானது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே அடங்கும் அது, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கல்லீரலையே முடக்கலாம். அந்த மாதங்களில் நோய் வந்த கர்ப்பிணிகளில் 100க்கு 20, 25 பேர் வரை இறப்பதுண்டு. இரண்டுமே வருவது மலம் கலந்த தண்ணீரில். 1955-56இல் டெல்லிக் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஈ வகை என்று பிற்பாடுதான் புரிந்தது.

ஆகவே தண்ணீரைக் கவனியுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். கேன் தண்ணீருக்கும் இதேதான். அப்புறம் நடக்கும் கூத்துதான் எனக்கு எரிச்சல்: சீக்கிரம் ஆறட்டும் என்று அதிலேயே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள், இல்லையென்றால் விரல் நனைய டம்ளரை விட்டு மொள்ளுவார்கள். குழாய் வைத்த பாத்திரத்தில் மூடி வையுங்கள். பல் துலக்கி வாய் கொப்பளிக்கவும் அதே தண்ணீர். வெளியே மோர், பானிபூரி, ஐஸ் போட்ட ஜூஸ் பிரசவம் வரை கிடையாது. கழிப்பறைக்குப் போய் வந்தாலும் சாப்பிட உட்கார்ந்தாலும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமியிடம் சானிடைசரை நம்ப முடியாது.

கிருமி உள்ளே போய் நோய் தெரிய 2 முதல் 10 வாரம் ஆகலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூடவே ஓயாத வாந்தி, தூங்கி வழிவது, பேச்சில் குழப்பம் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஏழாம் மாத வாந்தியை மசக்கைக் கணக்கில் எழுதக் கூடாது. சத்து மாத்திரையால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது வேறு, அதை விடுங்கள்.

கீழாநெல்லி? தானாக ஆறும் காமாலைக்கெல்லாம் அது பேர் வாங்கிக்கொள்கிறது. உங்களுக்குத் தேவை கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம் இரண்டும். மந்திரித்துவிட்டு வரலாம் என்று மாமியார் கிளம்பினால் ஆட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.