டோக்கியோ–லாஸ் ஏஞ்சல்ஸ்: வரும்போது மட்டும் ஏன் அதிக நேரம்?

டிக்கெட்டில் தப்பில்லை. தூரம் இரு பக்கமும் சுமார் 8,800 கி.மீ.தான், ஆனால் போக 10 மணி நேரம், டோக்கியோ திரும்ப 11.5 முதல் 12 வரை ஆகும்.

பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றுதான் காரணம். போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்.

சரிபார்க்க கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் யூடிசிக்கு (UTC, உலகப் பொது நேரம்) மாற்றுங்கள். டோக்கியோ நேரத்தில் 9 கழியுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நேரத்தோடு 8 கூட்டுங்கள், கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால் 7. பலரும் சறுக்குவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். ஜூலையில் டோக்கியோவில் மாலை 5:00க்குக் கிளம்பி அதே நாள் காலை 11:00க்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினால், யூடிசியில் 8:00 முதல் 18:00 வரை: சரியாகப் 10 மணி நேரம்.

ஒன்று கவனம்: டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி. வானில் இருப்பது அதைவிடக் குறைவு.