நீலமா, வெள்ளையா? கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: மண்டபத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பழைய டெஸ்க்டாப்பை 43 இஞ்ச் 4கே டிவியில் இணைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் காட்ட வேண்டும். டிவியில் எச்டிஎம்ஐ மட்டுமே உண்டு. கம்ப்யூட்டரின் பின்னால் நீலமாக ஒரு போர்ட், பக்கத்தில் வெள்ளையாக ஒன்று. ஒரு முனை விஜிஏ, மறுமுனை எச்டிஎம்ஐ உள்ள கேபிள் வாங்கி மாட்டினேன். "நோ சிக்னல்" என்றே வருகிறது. இன்னொரு கடையில் தங்க முலாம் பூசிய 8கே கேபிள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், டீச்சர். அதை மாட்ட உங்கள் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. எச்டிஎம்ஐ போர்ட் இல்லாத பெட்டிக்கு 8கே கேபிள் எதற்கு?

வாங்கிய கேபிள் ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த நீல போர்ட்தான் விஜிஏ. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்தது, 15 துளை. அதில் வருவது அனலாக் சிக்னல். எச்டிஎம்ஐக்கு டிஜிட்டல்தான் புரியும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சிப் வேண்டும். வெறும் வயரை இரு முனைகளோடு சேர்த்துவிட்டால் அது மாற்றிவிடாது. சிப் உள்ள கேபிள்களிலும் கடைகளில் அதிகம் கிடைப்பவை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து பழைய மானிட்டர், புரொஜெக்டருக்குப் போகிறவை. ஒருவழிப் பாதை அது. திருப்பி மாட்டினால் ஓடாது.

உங்களுக்கு விடை அந்த வெள்ளை போர்ட்டில் இருக்கிறது. அது டிவிஐ (DVI) என்ற வகை போர்ட்டாகத்தான் இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள்: எட்டு எட்டாக மூன்று வரிசையில் 24 சதுரத் துளைகள், ஓரத்தில் ஒரு தட்டைக் கீறல். டிவிஐயின் டிஜிட்டல் சிக்னலும் எச்டிஎம்ஐயும் ஒரே முறையில் பிறந்தவை. அதனால் சிப் வேண்டாம். சாதாரண டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிளே போதும். வாங்கும்போது "24+1" என்று கேட்டு வாங்குங்கள். "24+5" முனையில் கீறலைச் சுற்றி நான்கு பின் கூடுதலாக இருக்கும். உங்கள் போர்ட்டில் அந்த நான்கு துளை இல்லையென்றால் உள்ளே போகாது. அழுத்தினால் பின்தான் வளையும். 24+1 இரண்டு வகை போர்ட்டிலும் உட்காரும்.

இதில் 1920×1080 படம் 60 ஹெர்ட்ஸில் வரும். மீதியை டிவியே 4கே அளவுக்கு நிரப்பிக்கொள்ளும். பாடத்துக்கு இது தாராளம். ஒலியை மட்டும் நம்பாதீர்கள். பழைய டிவிஐயில் பெரும்பாலும் வராது. பச்சை நிற ஆடியோ போர்ட்டில் ஸ்பீக்கரை மாட்டிவிடுங்கள். கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிளை அந்தக் கார்டில் உள்ள போர்ட்டில் மாட்டுங்கள். மதர்போர்டில் மாட்டிவிட்டுக் "கேபிள் போச்சு" என்று வருகிறவர்கள் வாரம் ஒருவராவது உண்டு.

வெள்ளை போர்ட் பழுதாக இருந்தால் மட்டும் நீலத்துக்கு வாருங்கள். "விஜிஏ டு எச்டிஎம்ஐ" என்று திசை அச்சிட்ட கன்வெர்ட்டர் கேளுங்கள். மின்சாரத்துக்கு ஒரு யுஎஸ்பி வாலும், ஒலிக்கு ஒரு ஆடியோ வாலும் அதில் இருக்க வேண்டும்.

நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கேபிளில் எச்டிஎம்ஐ பதிப்பு எண்ணை, "2.0-வா, 2.1-வா" என்று கேட்க வேண்டாம். அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு "பிரீமியம் ஹை ஸ்பீட்" போதும். "அல்ட்ரா ஹை ஸ்பீட்" என்பது 8கேவுக்கும் 120 ஹெர்ட்ஸ் கேம் ஆடுகிறவர்களுக்கும்.

தங்க முலாம்? படத்தில் துளி வித்தியாசமும் வராது. ஆனால் தங்கம் துருப்பிடிக்காது என்பதால் நம் கடற்கரையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே உப்பு அரித்த ஊர் இது. ஒரு கேபிள் முனை எம்மாத்திரம்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோர டிவியின் போர்ட்டைப் பாருங்கள், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அனலாக் என்றால் படம் மெல்ல மங்கும். டிஜிட்டலில் அப்படி இல்லை: திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், நொடிக்கு நொடி கறுத்துப் போகும், பிறகு ஒரேயடியாக "நோ சிக்னல்". அப்படி வந்தால் டிவி, கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் கேபிள் முனையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிரிக்க வேண்டாம், தடவிக் கொண்டுவந்த கேபிளை என் கையால் துடைத்திருக்கிறேன், தூசியும் மணலும் அப்பிச் சேறாகிக் கிடந்தது.

மாட்டியபின் விண்டோஸ் பொத்தானோடு 'பி'யை அழுத்தி "டூப்ளிகேட்" தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டால் கேபிளைத் திட்டாதீர்கள். டிவியின் பிக்சர் சைஸில் "ஸ்கிரீன் ஃபிட்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்" இருக்கும், அதைப் போடுங்கள்.